கத்தி எடுக்காதவர் எப்படிக் குற்றவாளி ஆனார்? ஊடகத் தலைவர்களும் இனப்படுகொலைச் சட்டமும்

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் மாதம் ஒருமுறை நாங்கள் சில வழக்கறிஞர்கள் சேர்ந்து இலவசச் சட்ட விளக்கக் கூட்டம் நடத்துகிறோம். வருகிறவர்கள் பெரும்பாலும் வாடகைத் தகராறு, சேமநிதி வாரிசு, ஜீவனாம்சம் என்று சொந்தப் பிரச்சினையோடுதான் வருவார்கள். போன முறை ஒரு பெரியவர், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கையைத் தூக்கினார்.

"ஏம்மா, ரேடியோவுல உட்கார்ந்து 'வெட்டுங்கடா'ன்னு பேசினவனைப் பிடிச்சாங்க, சரி. அந்த ரேடியோவை ஆரம்பிச்ச ஆளையும் பிடிச்சு 30 வருசம் போட்டாங்களாமே? அவரு மைக்கையே தொடலையே, அது எப்படிம்மா?"

ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவில் 1994இல் நடந்த இனப்படுகொலையைப் பற்றிய காணொளி ஒன்றைப் பேரன் காட்டியிருக்கிறான். பெரியவர் கேட்டது சாதாரணக் கேள்வி இல்லை. ஊடகத்தை நடத்தியவர்கள் மீது நடந்த வழக்குகளில் உலகத்தில் அதிகம் பேசப்படுவது அந்த ருவாண்டா வழக்குதான். அதன் மேல்முறையீட்டுத் தீர்ப்பு சுற்றிச் சுற்றி வந்து நிற்பதும் இதே இடத்தில்தான். கூட்டத்தில் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது

1948 டிசம்பர் 9 அன்று ஐ.நா. பொதுச் சபை இனப்படுகொலை உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. ஒரு தேசத்தவரை, இனத்தவரை, மதத்தவரை, அவர்கள் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் என்பதற்காகவே முழுதாகவோ ஒரு பகுதியாகவோ அழித்துவிடும் நோக்கத்தோடு கொல்வது முதலான சில செயல்களுக்கு அது இனப்படுகொலை என்று பெயர் வைத்தது. இந்த வரையறை இருப்பது 2ஆம் பிரிவில். நமக்கு வேண்டியது அதற்கு அடுத்த 3ஆம் பிரிவு. கொன்றவன் மட்டுமல்ல, சதி செய்தவன், முயன்றவன், உடந்தையாக இருந்தவன், 'நேரடியாகவும் பகிரங்கமாகவும்' தூண்டியவன் எல்லாருமே தண்டனைக்குரியவர்கள் என்கிறது அது. 4ஆம் பிரிவு, ஆட்சியாளரானாலும் அதிகாரியானாலும் தனியாளானாலும் விலக்கு இல்லை என்கிறது. பத்திரிகை முதலாளி அந்தத் தனியாள் கணக்கில் வருவார்.

தூண்டுவது தனிக் குற்றம் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. அனைத்துலகத் தீர்ப்பாயங்களில் மற்றக் குற்றங்களைச் செய்ய ஒருவரைத் தூண்டினால், அந்தக் குற்றம் நடந்ததா, நம் பேச்சு அதற்கு உண்மையிலேயே உதவியதா என்று பார்ப்பார்கள். இனப்படுகொலைக்குத் தூண்டுவதில் அந்தக் கணக்கு கிடையாது. பேச்சைக் கேட்ட ஒருவர்கூட விரலை அசைக்கவில்லை என்றாலும் பேசியவர் குற்றவாளிதான். நடந்து முடிந்தபின் தண்டிப்பதால் யாருக்கும் பயனில்லை, முளையிலேயே கிள்ள வேண்டும் என்று உடன்படிக்கையை எழுதியவர்கள் நினைத்தார்கள்.

'பகிரங்கமாக' என்பதில் பெரிய சிக்கல் இல்லை. சந்தையில் பேசினாலும் வானொலியில் பேசினாலும் பத்திரிகையில் அச்சடித்தாலும் பகிரங்கம்தான். சாப்பாட்டு மேசையில் நான்கு பேரிடம் பேசுவது அந்த வகையில் வராது. 'நேரடியாக' என்பதுதான் வழக்கறிஞர்களுக்குச் சோறு போடும் இடம். "கொல்லுங்கள்" என்று வெளிப்படையாகச் சொன்னால்தான் நேரடியா? இல்லை என்று 1998 செப்டம்பர் 2 அன்று ருவாண்டாவுக்கான அனைத்துலகக் குற்றவியல் தீர்ப்பாயம் சொன்னது. அது அக்கயேசு என்ற ஊர்த்தலைவர் மீதான வழக்கு. இனப்படுகொலைக் குற்றத்துக்காக ஓர் அனைத்துலக நீதிமன்றம் முழு விசாரணை நடத்தி ஒருவரைத் தண்டித்தது அதுவே முதல் தடவை. அந்த மொழியில், அந்த ஊரில், அந்த நேரத்தில், கேட்டவர்கள் உடனே என்ன புரிந்துகொண்டார்கள் என்பதே அளவுகோல் என்றது தீர்ப்பு. ருவாண்டாவில் அப்போது 'கரப்பான் பூச்சி' என்றால் சிறுபான்மை இனமான துட்ஸிகள் என்று சிறு பிள்ளைக்கும் தெரியும். 'வேலைக்குக் கிளம்புங்கள்' என்றால் அது கொலை வேலை என்றும் தெரியும்.

மூன்றாவது, உள்நோக்கம். பேசியவர் மனத்தில் அந்தக் கூட்டத்தையே அழிக்கும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். வாய்க்கொழுப்பு போதாது, வெறுப்புகூடப் போதாது. இதை நிரூபிக்கும் பாரம் முழுக்க அரசுத் தரப்பின் தலையில். இந்த உள்நோக்கத்தைத் தனியாக நினைவில் வையுங்கள். மலேசியச் சட்டத்துக்கு வரும்போது மறுபடியும் தேவைப்படும்.

நூரம்பெர்க்கில் இரண்டு பேர்

இனப்படுகொலை என்ற குற்றமே சட்டத்தில் இல்லாத 1945-46இல், நூரம்பெர்க் நீதிமன்றத்தில் இரண்டு ஊடகக்காரர்கள் நின்றார்கள். ஒருவர் தூக்கில் தொங்கினார். மற்றவர் விடுதலையானார். யாருக்கு ஏன் என்று பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும்.

ஜூலியஸ் ஸ்ட்ரெய்ஷர், 'டெர் ஸ்டூர்மர்' என்ற யூத எதிர்ப்பு வார ஏட்டின் முதலாளி. ஒரு காலத்தில் நாஜிக் கட்சியில் பெரிய ஆள். ஆனால் 1940இலேயே பதவியைப் பறித்து ஒதுக்கிவிட்டார்கள். கொலை முகாம்களுக்கும் அவருக்கும் நிர்வாகத் தொடர்பு எதுவும் இல்லை. அவரிடம் இருந்தது பத்திரிகை மட்டும்தான். யூதர்களை வேரோடு அழிக்க வேண்டும் என்று போர்க்காலத்திலும் எழுதிக்கொண்டே இருந்தார். "முகாம்களில் நடந்தது எனக்குத் தெரியாது" என்று வாதாடினார். அங்கேதான் மாட்டினார். சுவிட்சர்லாந்தில் வெளிவந்த ஒரு யூத வார இதழை அவர் தொடர்ந்து வாங்கிப் படித்து வந்ததையும், கிழக்கில் யூதர்கள் கொல்லப்படும் செய்தி அதில் வந்ததையும் நீதிமன்றம் எடுத்துக் காட்டியது. தெரிந்தே எழுதினார் என்று முடிவாயிற்று. மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் என்ற தலைப்பில் தண்டிக்கப்பட்டு 1946 அக்டோபர் 16 அன்று தூக்கிலிடப்பட்டார்.

ஹான்ஸ் ஃப்ரிட்ஸ்ஷே, கோயபெல்ஸின் பிரச்சார அமைச்சில் வானொலிப் பிரிவின் தலைவர். நாடு முழுவதும் தெரிந்த குரல். யூதர்களுக்கு எதிராகப் பேசியதும் உண்மை. ஆனாலும் விட்டுவிட்டார்கள். அழிக்கச் சொல்லி அவர் தூண்டவில்லை, பிரச்சாரக் கொள்கையை வகுக்கும் அளவுக்கு அவர் பதவி பெரியதும் அல்ல, மேலிருந்து வந்ததை வாசித்தவர் என்றது நீதிமன்றம். மேலே இருந்த கோயபெல்ஸ் அதற்குள் தற்கொலை செய்துகொண்டார். ஃப்ரிட்ஸ்ஷேயை ஒரு ஜெர்மானிய நீதிமன்றம் பிறகு வேறு சட்டத்தின்கீழ் தண்டித்தது வேறு கதை.

குரல் பெரியதாக இருப்பதும் அதிகாரம் பெரியதாக இருப்பதும் ஒன்றல்ல. நூரம்பெர்க் காட்டிய இந்த வித்தியாசம் அறுபது ஆண்டுகள் கழித்து வேறு வடிவத்தில் திரும்பி வந்தது.

ஆயிரம் குன்றுகளின் வானொலி

1994 ஏப்ரல் 6 இரவு ருவாண்டா அதிபர் ஹபியாரிமானா சென்ற விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அடுத்த நூறு நாளில் குறைந்தது 8 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள் என்பது ஐ.நா. கணக்கு. பெரும்பாலோர் துட்ஸிகள். பெரும்பான்மை இனமான ஹுட்டுகளில் கொலைக்கு உடன்படாதவர்களும் அதில் உண்டு.

அதற்கு ஒன்பது மாதம் முன்பு, 1993 ஜூலையில் 'ஆயிரம் குன்றுகளின் வானொலி', சுருக்கமாக ஆர்டிஎல்எம், என்ற தனியார் நிலையம் ஒலிபரப்பைத் தொடங்கியிருந்தது. அரசு வானொலி மாதிரி இறுக்கமாக இருக்காது. நல்ல பாட்டு, நக்கல் பேச்சு, நேயர் அழைப்பு. இளைஞர்கள் மொய்த்தார்கள். ஊடக வெறுப்புப் பேச்சு என்றதும் யாரோ ஒருவர் தொண்டை கிழியக் கத்துவதாக நாம் கற்பனை செய்கிறோம். இந்த வானொலி சிரிக்கச் சிரிக்கப் பேசியது. அந்தச் சிரிப்போடு சிரிப்பாக ஆட்களின் பெயரையும், ஓட்டிச் செல்லும் வாகனத்தின் எண்ணையும், ஒளிந்திருக்கும் இடத்தையும் சொன்னது. சாலைத் தடைகளில் நின்ற இளைஞர்கள் ஒரு கையில் வானொலிப் பெட்டியும் மறுகையில் ஆயுதமுமாக நின்றதாகச் சாட்சிகள் சொன்னார்கள். "நாடு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெட்ரோல் தெளித்து வைத்தார்கள்" என்று ஒரு சாட்சி சொன்னது தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது.

தான்சானியாவின் அருஷா நகரில் அதே தீர்ப்பாயத்தில் நடந்த வழக்கில் குற்றவாளிக் கூண்டில் மூன்று பேர். ஃபெர்டினண்ட் நஹிமானா, வரலாற்றுப் பேராசிரியர், வானொலியை உருவாக்கியவர்களில் முதன்மையானவர். பாரயக்விசா, வழக்கறிஞர், வெளியுறவு அமைச்சின் அதிகாரி, வானொலியின் நிர்வாகக் குழுவில் இருந்தவர். ஹசன் ங்கேசே, 'கங்குரா' இதழின் ஆசிரியர். அந்த இதழ் 1990 டிசம்பரில் 'ஹுட்டுகளின் பத்துக் கட்டளைகள்' என்று ஒன்றை வெளியிட்டது. துட்ஸிகள் மீது இரக்கம் காட்டாதே என்பதும் அந்தப் பத்தில் ஒன்று. படித்தவர்கள், சட்டம் தெரிந்தவர்கள். ஒருவர் வரலாறு கற்பித்தவர்.

விசாரணை அமர்வுக்குத் தலைமை தாங்கியவர் யார் தெரியுமா? நவநீதம் பிள்ளை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் 1941இல் பிறந்த தமிழ்ப் பெண், பஸ் ஓட்டுநரின் மகள். டர்பன் இருக்கும் நடாலுக்கும் பட்டர்வொர்த் இருக்கும் நம் செபராங் பிறைக்கும் தமிழர்களைக் கொண்டு சேர்த்தது ஒரே கரும்புதான். அதனால் அவர் பெயரைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கூடுதல் உரிமை வந்துவிடுகிறது, மன்னிக்கவும். அக்கயேசு வழக்கை விசாரித்த மூவரிலும் அவர் ஒருவர். பின்னாளில், 2008 முதல் 2014 வரை, ஐ.நா. மனித உரிமை ஆணையராக இருந்தார்.

2003 டிசம்பர் 3 அன்று தீர்ப்பு வந்தது. துப்பாக்கியோ வெட்டுக்கத்தியோ எந்த ஆயுதமோ இல்லாமலே ஆயிரக்கணக்கான அப்பாவிகளின் சாவுக்குக் காரணமானீர் என்று நஹிமானாவைப் பார்த்துச் சொன்னது நீதிமன்றம். நஹிமானாவுக்கும் ங்கேசேவுக்கும் ஆயுள் தண்டனை, பாரயக்விசாவுக்கு 35 ஆண்டு. ஊடகம் பற்றிய எல்லாக் கட்டுரைகளும் இந்த வாசகத்தை எடுத்துப் போட்டுவிட்டு இங்கேயே முடிந்துவிடும். சட்டம் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் 2007 நவம்பர் 28க்கு வர வேண்டும். அன்றுதான் மேல்முறையீட்டுத் தீர்ப்பு. முதல் தீர்ப்பில் நிறைய இடங்களில் கத்தரி விழுந்தது.

முதலாவது, காலம். அந்தத் தீர்ப்பாயத்தின் அதிகாரம் 1994 ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை நடந்தவற்றுக்கு மட்டுமே. தூண்டுதல் என்பது பேசிய அந்தக் கணத்தோடு முடிந்துவிடும் குற்றம், தொடர்கதை அல்ல என்று மேல்நீதிபதிகள் சொன்னார்கள். பத்துக் கட்டளையும், 1991இல் முகப்பட்டையில் வெட்டுக்கத்தியின் படத்தைப் போட்ட இதழும் ஆதாரத்திலிருந்து விலகின. பின்னணியாகப் பார்க்கலாம், தண்டனைக்கு அடிப்படையாக்க முடியாது. ங்கேசேயை 1994இல் வெளிவந்த இதழ்களும், கிசேன்யி பகுதியில் சாலைத் தடைகளுக்குத் துணைநின்றதும்தான் பிடித்து வைத்தன. தண்டனை 35 ஆண்டாக மாறியது.

இரண்டாவது, வெறுப்புக்கும் தூண்டுதலுக்கும் நடுவில் கோடு. 1994 ஜனவரி முதல் ஏப்ரல் 6 வரை அந்த வானொலி ஒலிபரப்பியது இன வெறுப்பைக் கிளப்பியது என்பதில் மேல்நீதிபதிகளுக்குச் சந்தேகமில்லை. ஆனால் இனப்படுகொலை செய்யச் சொல்லி நேரடியாகத் தூண்டியது என்பது நிரூபணமாகவில்லை என்றார்கள். ஏப்ரல் 6க்குப் பிறகு ஒலிபரப்பியதில் சிலவற்றைப் பற்றி அந்தத் தயக்கம் இல்லை. ஒரே நிலையம், அதே அறிவிப்பாளர்கள், ஏறக்குறைய அதே சொற்கள். வெளியே பிணம் விழத் தொடங்கியபின் அந்தச் சொல்லுக்குப் பொருள் ஒன்றே ஒன்றாகச் சுருங்கிவிட்டது. இந்தக் கோட்டைக் கொஞ்சம் முன்னாலேயே போட்டிருக்கலாம் என்பது என் எண்ணம். ஆனால் குற்றவியல் சட்டத்தில் சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்குத்தான் போகும். அந்த விதி நமக்குப் பிடிக்காதவர்களுக்கும் சேர்த்தே எழுதப்பட்டது.

மூன்றாவதுதான் பெரியவர் கேட்டது. நஹிமானா மைக்கில் பேசவில்லை. ஏப்ரல் 6க்குப் பிறகு ஒலிபரப்பான எதையும் அவர் எழுதிக் கொடுத்ததற்கோ உத்தரவிட்டதற்கோ சான்று இல்லை. "தீவிரவாதிகள் நிலையத்தைக் கைப்பற்றிவிட்டார்கள், நான் ஊரிலேயே இல்லை" என்றார். அவரே நேரடியாகத் தூண்டினார் என்ற தண்டனையை மேல்நீதிபதிகள் ரத்தே செய்துவிட்டார்கள். அப்படியும் 30 ஆண்டு எங்கிருந்து வந்தது? மேலாளின் பொறுப்பு என்ற வழியாக வந்தது.

ராணுவச் சட்டத்தில் இது பழைய கருத்து. கீழே இருப்பவன் குற்றம் செய்கிறான், மேலே இருப்பவருக்கு அது தெரியும், அல்லது தெரிந்திருக்கக் காரணம் இருந்தது, தடுக்கவோ பிறகு தண்டிக்கவோ அவரால் முடியும், செய்யவில்லை. அப்படியானால் அவரும் குற்றவாளி. தேரோட்டத்தில் முட்டுக்கட்டை பிடிப்பவரை நினைத்துப் பாருங்கள். அவர் வடம் பிடித்து இழுப்பதில்லை. தேர் கூட்டத்துக்குள் பாய்கிறது, கட்டை கையில் இருக்கிறது, போடாமல் நிற்கிறார் என்றால் "நான் இழுக்கவில்லையே" என்ற பதில் நிற்காது.

கட்டை உண்மையிலேயே அவர் கையில் இருந்ததா என்பதைத்தான் நிரூபிக்க வேண்டும். அமைப்பு வரைபடத்தில் பெயர் மேலே இருப்பது போதாது. நஹிமானாவுக்குத் தெரியும் என்பதற்குச் சான்று இருந்தது. 1993 நவம்பரிலும் 1994 பிப்ரவரியிலும் தகவல் அமைச்சர் ருக்கோகோசா வானொலி நிர்வாகத்தைக் கூப்பிட்டு எச்சரித்த கூட்டங்களில் அவரும் பாரயக்விசாவும் இருந்தார்கள். (அந்த அமைச்சர் ஏப்ரல் 7 அன்று கொல்லப்பட்டார்.) தடுக்க முடியும் என்பதற்கான சான்று வந்த வழிதான் விசித்திரம். ஐ.நா. அமைதிப்படையையும் அதன் தளபதி டலேரையும் வானொலி விடாமல் திட்டிக்கொண்டிருந்தது. அப்போது ருவாண்டாவுக்குப் படை அனுப்பியிருந்த பிரான்சின் அதிகாரிகள் ஜூன் கடைசியிலோ ஜூலைத் தொடக்கத்திலோ இதைப் பற்றி நஹிமானாவிடம் பேசினார்கள். அவர் தலையிட்டார். திட்டுவது நின்றது.

ஒன்றை நிறுத்த முடிந்தவருக்கு மற்றதையும் நிறுத்த முடிந்திருக்கும். நிலையத்தைக் கைப்பற்றிவிட்டார்கள் என்ற வாதம் அங்கே விழுந்தது. அவர் செய்த ஒரே நல்ல காரியம் அவருக்கு எதிரான வலுவான சாட்சியாயிற்று.

பக்கத்தில் நின்ற பாரயக்விசாவைப் பாருங்கள். வானொலி நிர்வாகத்தில் அவரும் பெரிய ஆள்தான். ஆனால் ஏப்ரல் 6க்குப் பிறகும் நிலையம் அவர் கட்டுப்பாட்டில் இருந்தது என்பதற்கு இப்படி ஒரு சான்று கிடைக்கவில்லை. வானொலி தொடர்பான தண்டனை ரத்தானது. தன் கட்சிக்காரர்கள் செய்த கொலைகளில் அவருக்கிருந்த பங்குக்காகத்தான் 32 ஆண்டு. 2010இல் தண்டனைக் காலத்திலேயே இறந்தார். நஹிமானா 2016இல் முன்கூட்டியே விடுவிக்கப்பட்டார்.

மைக்கைத் தொட்டவர்கள் கணக்கு எளிது. பெல்ஜியத்திலிருந்து போய் அதே வானொலியில் பேசிய ஜார்ஜ் ருக்கியூ குற்றத்தை ஒப்புக்கொண்டு 2000இல் 12 ஆண்டு வாங்கினார். பாடகர் சீமோன் பிகின்டியின் வழக்கு இதைவிடச் சுவையானது. அவருடைய பாடல்களில் வெறுப்பு இருந்தது என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. தண்டித்தது பாட்டுக்காக அல்ல. 1994 ஜூன் கடைசியில் வாகனத்தில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு சாலையில் போய், யாரையும் விட்டுவைக்காதீர்கள் என்று அறிவித்ததற்காக 2008இல் 15 ஆண்டு. பாட்டுக்கு இரண்டு பொருள் சொல்லி வாதாடலாம், அந்த ஒலிபெருக்கிக்கு முடியாது.

பணம் போட்ட பெரும்புள்ளி, வானொலி நிறுவனத்தின் தலைவர் ஃபெலிசியன் கபூகா, 2020 மே 16 வரை தலைமறைவாகவே இருந்தார். பாரிஸ் அருகே ஓர் அடுக்குமாடி வீட்டில் பிடித்தார்கள். 2022 செப்டம்பரில் ஹேக் நகரில் விசாரணை தொடங்கியது. முதுமையால் மனநிலை தளர்ந்து வழக்கைப் புரிந்துகொள்ளும் நிலையில் இல்லை என்று 2023இல் காலவரையின்றி நிறுத்தப்பட்டது. முட்டுக்கட்டை யார் கையில் என்ற கேள்விக்கு அவரைப் பொறுத்தவரை சட்டத்தில் விடையே இல்லை.

நம் நாட்டில்

மலேசியா இனப்படுகொலை உடன்படிக்கையில் சேர்ந்தது 1994 டிசம்பர் 20, ருவாண்டா எரிந்த அதே ஆண்டின் கடைசியில். நம் சம்மதம் இல்லாமல் நம்மைப் பற்றிய எந்தத் தகராறையும், நாடுகளுக்கு இடையிலான வழக்கைக் கேட்கும் அனைத்துலக நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக முடியாது என்ற நிபந்தனையோடு சேர்ந்தோம். அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றத்தை உருவாக்கிய ரோம் சாசனத்தில் 2019 மார்ச் 4 அன்று கையைக் கொடுத்துவிட்டு, மாமன்னரின் நிலை பற்றிக் கிளம்பிய சர்ச்சையில் ஏப்ரல் 29 அன்று கையை இழுத்துக்கொண்டோம். நம் தண்டனைச் சட்டத் தொகுப்பில் இனப்படுகொலை என்ற பெயரில் தனிக் குற்றம் இல்லை. இன வெறுப்பைத் தூண்டும் பேச்சு இங்கே பெரும்பாலும் 1948ஆம் ஆண்டு தேச நிந்தனைச் சட்டம், 1998ஆம் ஆண்டு தொடர்பு பல்லூடகச் சட்டம் ஆகியவற்றின் கையில்தான் மாட்டும்.

"அப்படியானால் இனப்படுகொலைக்குத் தூண்டுவதும் தேச நிந்தனையும் ஒன்றுதானே, அது பெரிசு இது சிறிசு" என்று கூட்டத்தில் ஒரு தம்பி கேட்டார், ஆறாம் படிவ மாணவர். இல்லை தம்பி. இரண்டும் நேர் எதிர். உள்நோக்கத்தை நினைவில் வைக்கச் சொன்னேனே, அது இங்கேதான். தேச நிந்தனைச் சட்டத்தின் 3(3) பிரிவு, பேசியவரின் உள்நோக்கம் பொருட்டே அல்ல என்கிறது. சொல்லுக்கு நிந்தனைத் தன்மை இருந்தால் போதும். அருஷாவில் உள்நோக்கம் இல்லாவிட்டால் வழக்கே இல்லை. முதலாளி பக்கமும் அப்படியே. 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் 2012இல் சேர்த்த 114ஏ பிரிவின்படி, ஒரு வெளியீட்டின் உரிமையாளர், நிர்வாகி, ஆசிரியர் என்று பெயர் இருந்தாலே அவர்தான் வெளியிட்டார் என்று எடுத்துக்கொள்ளப்படும். இல்லை என்று காட்டுவது அவர் பாடு.

இதன் விளைவை 2021 பிப்ரவரி 19 அன்று கூட்டரசு நீதிமன்றத்தில் பார்த்தோம். வாசகர்கள் எழுதிய கருத்துகள் நீதித்துறையை அவமதித்தன என்று மலேசியாகினி இணைய நாளேட்டுக்கு 5 லட்சம் ரிங்கிட் அபராதம். தலைமையாசிரியர் ஸ்டீவன் கான் குற்றவாளி அல்ல என்று விடுவிக்கப்பட்டார். ஆறு நீதிபதிகள் ஒரு பக்கம், நளினி பத்மநாதன் தனியாக மறுபக்கம். புகார் தெரிந்ததும் கருத்துகளை நீக்கிவிட்டார்கள், ஆகவே அவர்களே வெளியிட்டதாக எடுத்துக்கொள்ளும் அந்த அனுமானம் முறிந்துவிட்டது என்பது அவருடைய மாற்றுத் தீர்ப்பின் போக்கு. இது நீதிமன்ற அவமதிப்பு வழக்கு, இனப்படுகொலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் தெரிந்ததா, தடுக்க முடிந்ததா, தடுத்தாரா என்று அருஷாவில் கேட்ட அதே கேள்விகளை அவர் கேட்டிருக்கிறார். கொடுமையிலும் கொடுமையான குற்றத்துக்கு இத்தனை சான்று கேட்கும் உலகத்தில், வாசகர் பின்னூட்டத்துக்குக் குறுக்குவழி வைத்திருக்கிறோம். எனக்கு அது சரியாகப் படவில்லை.

புலனக் (வாட்ஸ்அப்) குழு நிர்வாகி கதை என்ன என்றும் கேட்டார்கள். மேலாளின் பொறுப்பு அவருக்குப் பொருந்துவது கடினம். பதிவை நீக்கும் வசதி இருந்தாலும் குழு உறுப்பினர்கள் அவருக்குக் கீழே வேலை செய்பவர்கள் அல்லர். 114ஏ அவரைத் தேடி வரலாம், அது வேறு விஷயம்.

நம்மவர்கள் கூடிய இடத்தில் இலங்கையைக் கேட்காமல் விடுவார்களா? இலங்கை 1950இலேயே இனப்படுகொலை உடன்படிக்கையில் சேர்ந்த நாடு. ஆனால் ரோம் சாசனத்தில் சேரவில்லை. ருவாண்டாவுக்கு அமைத்ததுபோல் ஐ.நா. பாதுகாப்பு மன்றம் அதற்கென்று தீர்ப்பாயம் எதையும் அமைக்கவும் இல்லை. அதனால் அங்கே ஊடகத்தில் யார் என்ன பேசினார்கள், யார் தடுக்கத் தவறினார்கள் என்று நான் மேலே சொன்ன அளவுகோலை வைத்து எந்த அனைத்துலக நீதிமன்றமும் அளந்து பார்த்ததில்லை.

மியன்மார் நமக்கு இன்னும் பக்கம். புக்கிட் மெர்தாஜாமில் கடை வைத்திருப்பவர்களுக்கு ரொஹிங்யா குடும்பங்களைத் தெரியாமல் இருக்காது. 2017 ஆகஸ்டுக்குப் பிறகு 7 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வங்காளதேசத்துக்கு ஓடினார்கள். வெறுப்பைப் பரப்பியதில் சமூக ஊடகத்துக்குத் தீர்மானகரமான பங்கு இருந்தது என்று 2018இல் ஐ.நா. உண்மை கண்டறியும் குழுவின் தலைவர் மார்சுகி டாருஸ்மான் சொன்னார். அந்த ஆண்டு ஆகஸ்டில் அப்போதைய ராணுவத் தளபதி மின் ஆங் லாயிங்கின் பக்கத்தை ஃபேஸ்புக் நீக்கியது. போதுமானதைச் செய்யவில்லை என்று நவம்பரில் ஒப்புக்கொண்டது.

அப்படியானால் ஃபேஸ்புக்கைக் கூண்டில் ஏற்றலாமா? அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றம் மனிதர்களை மட்டுமே விசாரிக்கும், கம்பெனியை விசாரிக்காது. கம்பெனிக்குள் ஓர் ஆளைக் காட்ட வேண்டும். எழுதியவர் அவருடைய ஊழியர் அல்ல, எங்கோ இருக்கும் பயனர். மேலாள், கீழாள் என்ற உறவே அங்கே இல்லை. உடந்தை என்று வாதாடிப் பார்க்கலாம். அதற்கும் இன்ன நாளில் இன்ன பதிவு இன்னாரின் பார்வைக்கு வந்தது, தெரிந்தே விட்டுவிட்டார் என்று காட்ட வேண்டும். அந்தச் சான்றெல்லாம் கம்பெனியின் கணினிகளுக்குள் இருக்கிறது. மியன்மார் அரசின் மீது அனைத்துலக நீதிமன்றத்தில் 2019இல் வழக்குப் போட்ட காம்பியா, நீக்கப்பட்ட அந்த ராணுவப் பக்கங்களின் பதிவுகளைத் தரச் சொல்லி அடுத்த ஆண்டே வாஷிங்டன் நீதிமன்றத்துக்குப் போனது. அரசின் உள்நோக்கத்தைக் காட்டவே அவற்றைக் கேட்டது. ஃபேஸ்புக் அந்தக் கோரிக்கையை எதிர்த்தது.